கடல் விலகிய இடத்தில் வீடு

சிங்கப்பூரின் மரீன் பரேட் வட்டாரத்தில் இன்று நாம் மிதிக்கும் மண், 1960களின் தொடக்கத்தில் மண்ணன்று, கடல். காத்தோங் கடலோர மாளிகைகளை அலை வந்து தொட்ட காலம் அது. கடற்காற்று பெரிதும் செல்வர்க்கே வாய்த்திருந்தது.

1966இல் கிழக்குக் கடற்கரை நிலமீட்புப் பணி தொடங்கிற்று. பிடோக், சிக்லாப் குன்றுகள் வெட்டப்பட்டன. அம்மண் நகரும் பட்டைகளில் ஏறிக் கடலுக்குச் சென்றது. கட்டங்கட்டமாக 1980களின் நடுப்பகுதிவரை நீண்ட அப்பணியால் 1,500 ஹெக்டருக்கு மேற்பட்ட நிலம் கிடைத்தது. குன்றை இழந்தோம், கரையைப் பெற்றோம் என்று கணக்கை முடித்துவிடலாம். கரையோரக் கம்பத்து மீனவர்க்கு அஃது அத்துணை எளிதாக இருந்திராது.

அந்நிலத்தில் 1970களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடிகளை எழுப்பியது. முழுவதும் மீட்ட நிலத்திலேயே அமைந்த அதன் முதற்பேட்டை இதுவே. வீடு வாங்க மத்திய சேம நிதியைப் பயன்படுத்தும் ஏற்பாடு 1968இலேயே வந்திருந்தமையால், மாதச் சம்பளக்காரரும் துணிந்தனர். மேல்மாடிச் சாளரத்தைத் திறந்த தொழிலாளிக்குக் கடல் தெரிந்தது. பழைய மாளிகைக்காரர்க்கோ மறைந்தது! வரலாறு இத்தகைய குறும்பு செய்வது அரிது.

விரைவு ரயில் 2024 ஜூன் திங்களில்தான் இங்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டே, இதே கரைக்கு அப்பால் ஏறத்தாழ 800 ஹெக்டர் நிலம் மீட்கும் திட்டம் அறிவிக்கப்பட்டுவிட்டது. இம்முறை கடல் விலகப்போவது அடுக்குமாடிச் சாளரங்களிலிருந்து.