மெய்ம்மையும் ஆட்டச்சுவையும்: பண்டைப் போர் விளையாட்டுக்களின் மாற்றாக்கங்கள் பற்றிய ஒரு நோக்கு

போரை விளையாட்டாக ஆடிப்பார்க்கும் வழக்கம் மிகப் பழையது. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நாற்படையையும் பலகைமீது நிறுத்திய சதுரங்கம் இந்தியத் துணைக்கண்டத்திலே தோன்றியதாகும். ஆயின், சதுரங்கத்திலே பசியில்லை, மழையில்லை, அச்சமில்லை. இரு தரப்பினரும் ஒத்த படையோடு ஒத்த களத்தில் நிற்கின்றனர். உண்மைப் போரை நெருங்கிய விளையாட்டொன்றை அமைக்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிரசியாவிலே வலுப்பெற்றது. 1824இல் இளைய றைஸ்விட்ஸ் வெளியிட்ட ‘கிறீக்ஸ்ஸ்பீல்’ விதிகள் 1:8000 அளவுத்திட்டத்தில் அமைந்த நிலப்படத்தையும், சேதத்தைத் தீர்மானிக்கும் பகடைகளையும் அட்டவணைகளையும், ஆட்டத்தை நடத்தும் நடுவரையும் கொண்டிருந்தன. நுணுக்கம் மிகுந்த விதிகள் ஆட்டத்தை மந்தப்படுத்தின. 1876இல் வெர்டி டு வேர்னுவா என்ற படையதிகாரி அட்டவணைகளை ஒதுக்கி, அனுபவமிக்க நடுவரின் தீர்ப்பையே ஆதாரமாகக் கொண்ட முறையொன்றினை முன்வைத்தார். மெய்ம்மையை நாடிச் சேர்க்கப்படும் நுணுக்கங்களே ஆட்டத்தைக் குலைக்கக்கூடும் என்பது அக்காலத்திலேயே உணரப்பட்டிருந்தது.

இச்சிக்கல் நம் காலத்திற் கணினித் திரையிலே மீண்டும் தோன்றியுள்ளது. 2004ஆம் ஆண்டிற் பிரித்தானிய நிறுவனமான கிரியேட்டிவ் அசெம்பிளி ‘ரோம்: டோட்டல் வோர்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. கி.மு. 270 அளவிலே தொடங்கும் இவ்விளையாட்டில், ஆடுபவர் நிலப்படத்தில் நகரங்களை ஆளவும், களத்திலே படைகளை நேரடியாக நடத்தவும் வேண்டும். ஆடியவர்களுட் சிலர் அதன் வரலாற்றுக் குறைகளைக் கண்டு, மூலநிரலின்மீது தாமே திருத்தங்களைச் செய்து, ஊதியமின்றிப் பிறருக்கு வழங்கினர். ‘மொட்’ என வழங்கப்படும் இம்மாற்றாக்கங்களுள் ‘ரோம் டோட்டல் றியலிசம்’, ‘யூரோப்பா பார்பரோறம்’ ஆகிய இரண்டும் குறிப்பிடத்தக்கவை. பின்னையதன் இரண்டாம் ஆக்கம், வேறொரு மூல விளையாட்டினை அடித்தளமாகக் கொண்டு, 2014இல் வெளிவந்தது. இவற்றை ஆடுவோரிடையே எழும் விவாதம் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே அமைகின்றது: மெய்ம்மைக்கும் சுவைக்கும் இடையே எல்லையை எங்கே வகுப்பது? இவ்வினா ‘மெய்ம்மை’ என்பதை எவ்வாறு விளங்கிக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலில் மூல விளையாட்டுக் காட்டும் எகிப்தினை நோக்குவோம். அங்கே எகிப்தியப் படை பழைய பாரோக்களின் கோலத்திலே தேரேறி வருகின்றது. இரண்டாம் றம்சேஸ் காதேசுப் போரிலே தேர்ப்படையை நடத்தியது கி.மு. 1274 அளவிலாகும். விளையாட்டு நிகழும் காலத்திலோ அலெக்சாந்தரியாவிலிருந்து ஆண்டவர்கள் மசிடோனிய வமிசத்தினரான தொலமிகள். அவர்தம் படையின் முதுகெலும்பு நீண்ட ஈட்டியேந்திய பாலாங்கு அணியாகும். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஒரு காட்சிக்காக அழிக்கப்பட்டுள்ளன.

இதனை வெறும் உடையலங்காரப் பிழையென ஒதுக்குதல் பொருந்தாது. கி.மு. 217இல் றபியாவிலே மூன்றாம் அந்தியோக்கசை எதிர்த்த நான்காம் தொலமி, சுதேச எகிப்தியர் 20,000 பேரைப் பாலாங்கு அணியிலே நிறுத்தினான் எனப் பொலிபியஸ் கூறுகின்றார். வெற்றி கிட்டியது. ஆனால் படைக்கலம் ஏந்திய குடிகள் தமது வலிமையை உணர்ந்து அரசுக்கெதிராகக் கிளர்ந்தனர் என்பதையும் அவரே குறிப்பிடுகின்றார். கி.மு. 205 தொடக்கம் 186 வரை மேல் எகிப்தின் பெரும்பகுதி சுதேச மன்னரின் ஆட்சியில் இருந்தது. யார் கையிலே ஈட்டியைக் கொடுப்பது என்பதே தொலமிகளை எதிர்நோக்கிய அரசியற் பிரச்சினை. பாரோவின் தேர் இப்பிரச்சினையை முற்றாக மறைத்துவிடுகின்றது. ‘யூரோப்பா பார்பரோறம்’ கிரேக்கக் குடியேற்றப் படையினரையும் சுதேசப் படையினரையும் வேறுபடுத்தியது. வென்ற மாகாணத்தில் எவ்வகை ஆட்சியை நிறுவுகின்றோமோ அதற்கேற்பவே படைதிரட்ட முடியும் என விதித்தது. ஆடுபவர் இதனால் எரிச்சலுறலாம். ஆயினும், அந்த எரிச்சல் தொலமிகளின் இக்கட்டை ஓரளவு ஒத்தது. சுவை குன்றுவதுபோலத் தோன்றும் அவ்விடத்திலேதான் புதியதொரு தீர்மானமும் அதனாற் புதியதொரு சுவையும் பிறக்கின்றன.

இனி, ‘சமநிலை’ என்பதனைக் கருதலாம். எல்லாப் படையும் ஏறத்தாழ ஒத்த வலிமையுடன் இருந்தாலன்றி ஆட்டம் சுவைக்காது என்பர். பொலிபியஸ் வேறொன்றைக் கற்பிக்கின்றார். உரோமப் படையையும் பாலாங்கையும் ஒப்பிடும் அவர், நேர்முகமாக மோதுகையில் ஒவ்வோர் உரோம வீரனும் இரண்டு எதிரிகளையும் பத்து ஈட்டிமுனைகளையும் எதிர்கொள்ள நேர்கின்றது எனக் கணக்கிடுகின்றார். எனினும், பாலாங்கு சமதரையை வேண்டுவது. இடைவெளி விழுந்தால் ஆற்றாதது. பக்கவாட்டிலே திரும்ப இயலாதது. கி.மு. 168இற் பிட்னாவிலே நிலம் கரடுமுரடானதும் மசிடோனிய அணி பிளவுற, அப்பிளவுகளிலே உரோமர் சிறு குழுக்களாகப் புகுந்தனர். ஆகவே, பாலாங்கினை முன்னிருந்து தாக்குதற்கு அரியதாகவும், ஏனைய திசைகளில் எளியதாகவும் ஆக்கும் மாற்றாக்கம் வரலாற்றுக்கு உண்மையாக நடக்கின்றது. ஆடுபவரையும் நிலத்தை ஆராயத் தூண்டுகின்றது. இலக்கங்களைச் சமப்படுத்துவதைக் காட்டிலும், சமமற்ற வலிமைகளுக்கு ஏற்ற சூழல்களை அமைப்பதே சிறந்த சமநிலையாகும்.

போரின் வேகம் பற்றியும் இவ்வாறே கூறலாம். மூல விளையாட்டிற் படைகள் சில நிமிடங்களிலேயே சிதறி ஓடுகின்றன எனக் குறைகண்ட மாற்றாக்கர்கள் கொலைவேகத்தைக் குறைத்து, மனவுறுதியைக் கூட்டினர். கன்னேயைப் போன்று நீண்டு நடந்த போர்களுக்கு இது பொருந்தும். ஆனால், பிட்னாப் போர் ஒரு மணிநேரத்துள் முடிவுற்றதெனப் புளூட்டாக் எழுதுகின்றார். அதில் மசிடோனியர் ஏறத்தாழ 20,000 பேர் மடிய, உரோமர் இழந்தது நூறு பேருக்கு மேற்படாது என்பது லிவியின் கூற்று. எண்கள் மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம். எனினும், பண்டைப் போர்களிலே பேரழிவு அணி குலைந்து ஓடும்போதே நிகழ்ந்தது என்பதனை அவை உணர்த்துகின்றன. திடீரென அச்சம் பரவி அணி கலைவது மலிவான கேளிக்கையெனத் தோன்றினும், அது பண்டைப் போரின் மெய்யியல்பேயாகும். மெதுவாக நிகழ்வதெல்லாம் மெய், விரைந்து நிகழ்வதெல்லாம் பொய் என்ற எண்ணம் ஆராயப்படவேண்டியது.

இதுவரை கூறியவற்றால் மெய்ம்மையும் சுவையும் என்றும் ஒத்துப்போவன என்ற முடிவுக்கு வருதல் தவறாகும். பிட்னாவின் வெற்றி வீரனான எமிலியஸ் பவுலஸ், மறுவருடம் செனற் சபையின் ஆணைப்படி எப்பைரசிலே 70 ஊர்களைக் கொள்ளையிட்டு, 150,000 பேரை அடிமைகளாக்கினான் எனப் பண்டை ஆசிரியர்கள் கூறுகின்றனர். விளையாட்டிலோ ஒரு நகர் வீழ்ந்ததும் மூன்று தெரிவுகள் தோன்றுகின்றன: கைப்பற்று, அடிமையாக்கு, அழித்தொழி. ஒன்றைத் தொட்டதும் குடித்தொகை குறைகின்றது, திறைசேரி நிறைகின்றது, ஆட்டம் தொடர்கின்றது. கேடயத்தின் நிறத்தையும் படைப்பிரிவின் பெயரையும் உரிய பண்டை மொழிகளிலே தேடித் திருத்திய மாற்றாக்கர்களாலும், மூலநிரலின் கட்டுப்பாடு காரணமாக, இத்தெரிவுகளை நீக்க இயலவில்லை. ஈட்டியின் நீளத்தைத் துல்லியமாக அறிந்த ஒருவர், அதன் முனையில் வீழ்ந்தவரைத் தொகையாக மட்டுமே கண்டு பழகலாம். வெற்றி பெற்றோரின் கணக்கேட்டிலும் அவர்கள் தொகையாகவே இருந்தனர் என்பது உண்மைதான். ஆயின், அக்கணக்கேட்டைக் கேள்விக்குட்படுத்துவது வரலாற்று மாணவனின் கடமையாகும். விளையாட்டு அதனைக் கேட்பதில்லை.

எனவே, ஒரு மாற்றாக்கத்தை மதிப்பிடுகையில், எத்தனை விவரங்கள் சரியாக உள்ளன என எண்ணுவதோடு அமைதல் போதாது. அக்காலத்து மனிதரைத் தீர்மானங்களுக்கு உந்திய நெருக்கடிகளை அது ஆடுபவர்மீது சுமத்துகின்றதா என்பதே முதன்மையான அளவுகோல். அந்நெருக்கடியை உணர்த்தாத நுணுக்கத்தைச் சுவைக்காகக் கைவிடலாம். உணர்த்தும் தடையைச் சுவை குன்றினும் பேணவேண்டும். இளைஞர் பலர் பொலிபியசின் பெயரையே இத்தகைய விளையாட்டுக்களின் வழியாகத்தான் முதலிற் கேள்விப்படுகின்றனர். அவர்களை அங்கிருந்து நூலகத்துக்கு இட்டுச்செல்லும் மாற்றாக்கம் பயனுடையது. எப்பைரசின் 150,000 பேரைப் பற்றி அவர்கள் படிக்கவேண்டிய இடமும் நூலகமேயாகும்.