எந்த நாள் எடுத்த இரத்தம்? கொரோனா எதிர்ப்பொருள் பரிசோதனைகளை மதிப்பிடுவதில் உள்ள சிக்கல்

2020 ஏப்ரலில் ராஜஸ்தான் அரசு, சீனாவிலிருந்து வந்த கொரோனா எதிர்ப்பொருள் ரேபிட் கிட்டுகளின் துல்லியம் 5.4 சதவீதம்தான் என்று அறிவித்தது. வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனையில் தொற்று உறுதியானவர்களிடம் இந்தக் கிட்டுகள் 'பாசிடிவ்' காட்டிய அளவு 6 முதல் 71 சதவீதம் வரை மாநிலத்துக்கு மாநிலம் மாறியது. ஏப்ரல் 27-இல் அவற்றைத் திருப்பி அனுப்பச் சொன்னது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்). தமிழ்நாடும் 24,000 கிட்டுகளைத் திருப்பியது. பிறகு எல்லோரும் பேசியது கொள்முதல் விலையைப் பற்றித்தான். 5.4 என்ற எண் எதை அளந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

இரத்தத்தில் கொரோனா வைரஸையே தேடுவது பெரும்பாலும் வீண்வேலை. 2020 மார்ச்சில் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுகளில் சளி மாதிரிகளில் 72 சதவீதத்தில் வைரஸ் இருந்தது. 307 இரத்த மாதிரிகளில் மூன்றில் மட்டுமே. ஆகவே இரத்தப் பரிசோதனை தேடுவது வைரஸை அன்று, அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை. அது உருவாக நாள் பிடிக்கும். 2020 ஜூனில் வந்த காக்ரேன் தொகுப்பாய்வின்படி, அறிகுறி தோன்றிய முதல் வாரத்தில் இப்பரிசோதனைகள் தொற்றாளரில் 30.1 சதவீதத்தினரையே கண்டுபிடித்தன. இரண்டாம் வாரத்தில் 72.2, மூன்றாம் வாரத்தில் 91.4. பரிசோதனை அதேதான், இரத்தம் எடுத்த நாள்தான் வேறு.

எனவே நாள் சொல்லாமல் தரப்படும் துல்லிய எண், கிட்டின் தரத்தையும் நோயின் கட்டத்தையும் கலந்து காட்டும். 5.4 என்பது முதல் வார அளவைவிடவும் மிகக் குறைவு என்பதால் கிட்டில் கோளாறு இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் 71 கிடைத்த இடத்தில் கிட் நல்லதா, நோயாளிகள் இரண்டாம் வாரத்தைத் தாண்டியவர்களா? அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. திருப்பி அனுப்பியது சரியே. அதை மதிப்பீடு என்று அழைப்பதுதான் தவறு.

தொற்று இல்லாதவரை 'இல்லை' என்று சொல்லும் திறனில் சிக்கல் வேறு விதமானது. 2020 மே, ஜூனில் ஐசிஎம்ஆர் 28,000 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பில் புனே ஆய்வகத்தின் கவச் எலிசா என்ற எதிர்ப்பொருள் பரிசோதனை பயன்பட்டது: தொற்றாளரைக் கண்டறியும் திறன் 92.37 சதவீதம், தொற்றில்லாதவரை விலக்கும் திறன் 97.9. நல்ல எண்கள்தான். ஆனால் அப்போது கண்டறியப்பட்ட தொற்று அளவு 0.73 சதவீதம். ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால் தொற்றாளர் ஏழு பேர். அநேகமாக ஏழு பேரும் அகப்படுவார்கள். மீதி 993 பேரில் 2.1 சதவீதம், அதாவது 21 பேர், தொற்றில்லாமலே 'பாசிடிவ்' ஆவார்கள். நான்கு 'பாசிடிவ்'களில் மூன்று பொய்! இதை உணர்ந்துதான் கவச்சில் 'பாசிடிவ்' ஆன மாதிரிகளை யூரோஇம்யூன் எலிசாவில் மீண்டும் சோதித்தார்கள். முன்னது முழு வைரஸையும் பின்னது அதன் கூர்ப்புரதத்தின் ஒரு பகுதியையும் பொறியாக வைப்பவை. ஒன்றின் பிழையை மற்றொன்று அப்படியே திருப்பிச் செய்யும் வாய்ப்பு குறைவு.

விலக்கும் திறனை எவருடைய இரத்தத்தில் அளப்பது என்பதும் முக்கியம். சிங்கப்பூரில் கொரோனா நோயாளிகள் இருவருக்கு முதலில் டெங்கு என்று தவறான முடிவு வந்தது 2020 மார்ச்சில் பதிவாகியிருக்கிறது. இதன் தலைகீழும், அதாவது டெங்கு நோயாளிக்குக் கொரோனா என்று முடிவு வருவதும், நடக்கக்கூடும். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் டெங்கு வருகிறது. இங்கே விற்கப்படும் கிட் 2019-க்கு முன் சேமித்த டெங்கு, சிக்குன்குனியா நோயாளிகளின் சீரத்தில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆரோக்கியமான இரத்தக் கொடையாளர்களிடம் மட்டும் அளந்த 99 சதவீதம் நம் காய்ச்சல் வார்டுக்குப் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.