கடிகாரமும் கைத்திறனும்

தொழிற்சாலையை ஆளும் முறையை ஒரு சாத்திரமாக வகுத்தோருள் முதன்மையானோர் அமெரிக்காவிலே தோன்றினர். இன்று முகாமைத்துவம் என வழங்கும் இத்துறையின் வரலாற்றை எழுதுவோர், அதனைப் பேரறிஞர் சிலரின் சிந்தனைக் கொடையாகவே பெரும்பாலும் காட்டுவர். அச்சிந்தனை யாருடைய உழைப்பின்மீது பரிசோதிக்கப்பட்டது என்னும் வினாவையும் நாம் எழுப்புதல் வேண்டும்.

முதலிற் குறிப்பிடத்தக்கவர் பிரடெரிக் வின்ஸ்லோ டெயிலர் (1856–1915). பிலதெல்பியாவில் வசதிமிக்க குடும்பத்திற் பிறந்த இவர், மிட்வேல் உருக்காலையிற் பணிபுரிந்தபோது ஓர் உண்மையைக் கண்டார். ஒரு வேலையை எவ்வாறு, எவ்வளவு நேரத்திற் செய்யலாம் என்ற அறிவு முதலாளியிடம் இல்லை. தொழிலாளியின் கையிலும் நினைவிலுமே அது இருந்தது. அங்கு அது இருக்கும்வரை வேலையின் வேகத்தைத் தீர்மானிப்பவனும் தொழிலாளியே. ஆகவே, ஒவ்வோர் அசைவையும் கடிகாரங்கொண்டு அளந்து, அவ்வறிவைத் திரட்டி அலுவலகத்துக்கு மாற்றுவதே டெயிலரின் திட்டமாயிற்று. திட்டமிடுவது நிருவாகத்தின் பணி. செய்வது தொழிலாளியின் பணி. 1911இல் வெளிவந்த 'விஞ்ஞான முகாமைத்துவத் தத்துவங்கள்' என்ற அவரது நூலின் சாரம் இதுவே.

அந்நூலின் உதாரணம் ஒன்று புகழ்பெற்றது. 1899இல் பெத்லகேம் உருக்காலையில் இரும்புப் பாளம் சுமந்த ஒருவனுக்குச் 'சிமிட்' எனப் பெயரிடுகிறார் டெயிலர். நாளொன்றுக்கு 12½ தொன் சுமந்த இடத்தில் அவன் 47½ தொன் சுமந்தானாம், கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராயிற்று. உழைப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி உயர்வோ நூற்றுக்கு அறுபது. இவ்வேலைக்கு உகந்தவன் அறிவில் எருதை ஒத்தவன் என எழுதவும் டெயிலர் தயங்கவில்லை. ஆனால், வேலைக்கு முன்னும் பின்னும் தனக்கென ஒரு சிறு வீட்டைச் சிமிட் கட்டிவந்தான் என்பதையும் அதே நூல் கூறுகின்றது. எருது வீடு கட்டுவதில்லை.

தொழிலாளர் வாளாவிருக்கவில்லை. 1911 ஆகஸ்டில் மசாசூசெற்ஸ் மாநிலத்து வாட்டர்டவுன் ஆயுதசாலையில், வார்ப்புத் தொழிலாளர் கடிகார அளவீட்டை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. 1912இல் டெயிலரே அதன்முன் சாட்சியம் அளித்தார். 1915இல் இராணுவ ஆயுதசாலைகளில் நிறுத்தற் கடிகார அளவீடு தடைசெய்யப்பட்டது.

லெனினும் இம்முறையை நுணுகி நோக்கினார். 1914இல் அதனை மனிதனை இயந்திரத்துக்கு அடிமையாக்கும் ஏற்பாடு எனக் கண்டித்த அவர், 1918இல் அதிலுள்ள விஞ்ஞானக் கூறுகளைச் சோவியத் ஆட்சி கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். உடைமை மாறியபின் கடிகாரத்தின் தன்மையும் மாறுமா என்பது இடதுசாரிகள் இன்னும் நேர்மையுடன் எதிர்கொள்ள வேண்டிய கேள்வியாகும்.

அடுத்து வந்தவர் எல்ற்றன் மேயோ. சிக்காகோவுக்கு அருகிலுள்ள ஹோதோர்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளோடு அவர் பெயர் பிணைந்துள்ளது. தொழிலாளி கூலிக்காக மட்டும் இயங்குவதில்லை, கூட்டுணர்வும் மதிப்பும் அவனை இயக்குகின்றன என்பது அவர் முடிபு. உண்மையே. எனினும், சோதனை அறையில் அதிகம் பேசினர் எனக் குறைகூறப்பட்ட இரு பெண்கள் 1928இல் அகற்றப்பட்டு, வேறிருவர் அமர்த்தப்பட்டனர். பிறிதோர் அறையில் 14 ஆண்கள் தமக்குள் ஓர் எல்லை வகுத்து, அதற்குமேல் உற்பத்தி செய்யாதிருந்தனர். இதனை வெறும் மனவுணர்ச்சியாகக் கொள்ளல் தகுமா? நாடெங்கும் வேலையின்மை பரவிய காலம் அது. வேலை குன்றியதால் அவ்வாய்வே 1932இல் நின்றது.

டெயிலர் கையை அளந்தார். மேயோ மனத்தை ஆராய்ந்தார். வேலையை முடிவுசெய்யும் உரிமை யாருக்கு என்ற கேள்வியை இருவருமே தொழிலாளியிடம் விடவில்லை. இன்று பெரும் பண்டகசாலைகளில் நிறுத்தற் கடிகாரத்தின் இடத்தைக் கணினி பெற்றுள்ளது. கருவி மாறினும், தன் தொழிலைப் பற்றிய அறிவு தனக்கே உரியது என்னும் உழைப்பாளியின் கோரிக்கை மாறவில்லை. முகாமைத்துவத்தின் வரலாற்றை மாணவர்க்குக் கற்பிப்போர் அக்கோரிக்கையின் வரலாற்றையும் உடன் கற்பித்தல் கடனாகும்.