மூன்று முறை இடம்பெயர்ந்த கிதார்

ஒரு கைத்தொழில் ஓர் ஊரில் நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்துவிட்டால், அதற்கு அந்த ஊரின் மண்ணையும் மரத்தையும் காரணம் காட்டுவது நம் வழக்கம். தண்ணீர் நல்லது, காடு பக்கத்தில், பரம்பரை ரத்தம் என்று மூன்று காரணங்கள் தயாராக இருக்கும். ஜெர்மனியின் சாக்சனியில், செக் எல்லையை ஒட்டிய ஃபோக்ட்லாந்து மலைப்பகுதியில் மார்க்நொய்கிர்ஷன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. வயலினில் தொடங்கி, பின்னர் கிதார், மாண்டலின், சிதர் என்று நரம்பும் கம்பியும் கட்டிய கருவிகள் அங்கே மூன்றரை நூற்றாண்டுகளாகச் செய்யப்படுகின்றன. அந்த ஊரின் கதையையும் இதே மூன்று காரணங்களோடுதான் பலர் தொடங்குகிறார்கள். ஆனால் அதன் வரலாற்றை ஆண்டு வாரியாகப் பார்த்தால் வேறு முடிவுக்குத்தான் வர முடிகிறது. இந்தத் தொழில் ஒன்றையொன்று நம்பி நிற்கும் சிறு பட்டறைகளின் கூட்டத்தில் உயிர் வைத்திருக்கிறது. அந்தக் கூட்டம் எங்கே போனதோ அங்கே தொழிலும் போனது. மண்ணோ சட்டமோ அதைப் பிடித்து வைக்கவும் இல்லை, தடுத்து நிறுத்தவும் இல்லை.

முதல் சான்று அந்த ஊரின் பிறப்பிலேயே இருக்கிறது. 1620இல் வெள்ளை மலைப் போரில் புரொட்டஸ்டன்ட் தரப்பு தோற்ற பிறகு, பொஹீமியாவில் கத்தோலிக்க மதத்துக்கு மாறு, இல்லையேல் வெளியேறு என்ற நெருக்கடி படிப்படியாக முற்றியது. எல்லைக்கு அந்தப்புறம் கிராஸ்லிட்ஸ் என்ற ஊரில் வயலின் செய்துகொண்டிருந்த குடும்பங்கள் மலை தாண்டி சாக்சனிக்கு வந்தன. 1677இல் அப்படி வந்த 12 ஆசாரிகள் சேர்ந்து மார்க்நொய்கிர்ஷனில் வயலின் செய்வோர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதற்குச் சாக்சனி ஆட்சியாளரின் அங்கீகாரமும் கிடைத்தது. இன்று அந்த ஊரின் ஆதித்தொழில் என்று பெருமையோடு சொல்லப்படுவது, அகதிகள் தோளில் சுமந்து வந்த தொழில். கிராஸ்லிட்ஸில் இருந்த அதே காடு, அதே குளிர், அதே ஸ்ப்ரூஸ் மரம் அவர்களைத் தக்கவைத்துக்கொள்ள உதவவில்லை.

சங்கம் வந்ததும் உரிமைச் சண்டையும் கூடவே வந்தது. யார் எதைச் செய்யலாம், எத்தனை ஆண்டு பயிற்சி, யார் ஆசான் என்றெல்லாம் விதிகள் எழுந்தன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிதார் மோகம் ஐரோப்பாவைப் பிடித்தபோது, மார்க்நொய்கிர்ஷனின் மேசை நாற்காலித் தச்சர்களும் கிதார் செய்யத் தொடங்கினார்கள். வயலின்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. கிதாரும் நரம்புக் கருவிதான், அது எங்கள் உரிமை என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். தங்களைக் கலைஞர்கள் என்றும், தச்சர்களை வெறும் மரவேலைக்காரர்கள் என்றும் அவர்கள் மனுவில் பிரித்துக் காட்டினார்கள். தச்சர்களின் பதில் மிகச் சரியானது: உங்கள் 1677ஆம் ஆண்டுச் சாசனத்தில் கிதார் என்ற பேச்சே இல்லையே, பிறகு அது எப்படி உங்கள் உரிமை? வழக்கில் தச்சர்கள் பக்கமே வென்றது. இந்தத் தச்சர்களில் ஒருவர் யோஹான் கியோர்க் மார்ட்டின். அவருடைய மகன் கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் மார்ட்டின் 1796இல் பிறந்து, வியன்னாவின் பேர்பெற்ற கிதார் ஆசான் யோஹான் கியோர்க் ஷ்டாவ்ஃபரிடம் தொழில் கற்றுத் திரும்பியவர். தந்தை பக்கம் வென்ற பிறகும் அந்த மகன் ஊரில் தங்கவில்லை. 1833இல் குடும்பத்தோடு கப்பலேறி நியூயார்க் போய், ஹட்சன் தெருவில் கடையும் பட்டறையும் வைத்தார். சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நாசரேத் ஊருக்குக் குடிபெயர்ந்தார். இன்று உலகம் முழுவதும் தெரிந்த மார்ட்டின் கிதார் நிறுவனம் அந்த ஊரில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். மார்ட்டின் தனியாகத்தானே போனார், அவரோடு எந்தக் கூட்டம் போனது, ஒரு தனித் திறமையாளன் போதும் என்பதற்கு அவரே சாட்சி இல்லையா என்று கேட்கலாம். அவருடைய கடையின் நிலைமையைப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. நியூயார்க்கில் அவர் தன் கிதாரை மட்டும் விற்றுப் பிழைக்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த கருவிகளையும் உதிரிப் பொருள்களையும் விற்றார். அவருக்கு முன்பே அமெரிக்கா போயிருந்த ஹைன்ரிஷ் ஷாட்ஸ் என்ற அதே ஊர்க்காரரும் கிதார் செய்பவர், அவரோடு சேர்ந்து வேலை செய்தவர். மார்ட்டின் குடியேறிய நாசரேத்தும் ஏதோ ஓர் அமெரிக்க ஊர் இல்லை. பொஹீமியாவிலிருந்தும் மொராவியாவிலிருந்தும் மதத்துக்காகத் துரத்தப்பட்டு, சாக்சனியில் தஞ்சம் புகுந்து வளர்ந்த மொராவியன் திருச்சபையினர் கட்டிய ஊர் அது. ஜெர்மன் பேச்சும் கைத்தொழிலும் இசையும் அங்கே அன்றாட வாழ்க்கை. தன் ஊரில் இருந்த சூழலின் ஒரு சிறு வடிவத்தைத் தேடிப்போய்த்தான் மார்ட்டின் வேர்விட்டார். அப்படி ஊன்றிய பிறகே அவருடைய கை சொந்த வழியில் போயிருக்கிறது. மேற்பலகையின் அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் ஒட்டும் முறை 1840களில் அவருடைய பட்டறையில் உருவானது. மெல்லிய நரம்புக் கிதாருக்காக வந்த அந்த அமைப்பு, அரை நூற்றாண்டு கழித்து எஃகுக் கம்பியின் இழுவையைத் தாங்கும் வலிமையையும் தந்தது. இன்று மேடையில் நாம் கேட்கும் எஃகுக் கம்பிக் கிதார்களில் பெரும்பாலானவை அதைத்தான் பின்பற்றுகின்றன.

இரண்டாவது மறுப்பு மரம் பற்றியது, இது இன்னும் பலமானது. நல்ல மரமில்லாமல் கருவி ஏது? உண்மைதான், மேற்பலகைக்கு வேண்டிய ஸ்ப்ரூஸ் அந்த மலைகளில் வளர்ந்தது. ஆனால் கிதாரின் முதுகுக்கும் விலாவுக்கும் வேண்டிய ரோஸ்வுட் பிரேசிலிலிருந்து வந்தது. விரல்பலகைக்கான கருங்காலியும் அலங்காரத்துக்கான முத்துச்சிப்பியும் கடல் கடந்து வந்தவை. மரத்துக்கு அருகில் இருப்பதுதான் காரணம் என்றால், கிதார் ஊர்கள் அந்தக் காடுகளின் ஓரத்தில் முளைத்திருக்க வேண்டும். நம் பக்கத்துச் சான்று ஒன்றும் இருக்கிறது. பிரேசில் தன் மரக்கட்டை ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்ட பிறகு, 1969இல் மார்ட்டின் நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரம்தான் அது. அன்றிலிருந்து உலகின் உயர்ந்த கிதார்கள் பலவற்றின் முதுகு தென்னிந்திய மரம். ஆனாலும் நீலகிரியிலோ வயநாட்டிலோ மார்க்நொய்கிர்ஷன் போன்ற ஒரு கிதார் ஊர் உருவாகவில்லை. கருவியைச் செய்யும் கைகள் சங்கிலியாக இருக்கும் இடத்துக்கு மரம் தானாக வந்து சேர்கிறது.

அந்தச் சங்கிலி எப்படி இயங்கியது என்பதை ஒரு மாண்டலினை வைத்துப் பார்க்கலாம். அதன் குடம் வீணைக் குடம்போல ஒரே மரத்தில் குடைந்தது அல்ல. இரு முனையும் குறுகி நடுவில் அகன்ற மெல்லிய பட்டைகளாக மரத்தை இழைத்து, ஈரமாக்கி, சூடான இரும்பின்மேல் அழுத்தி வளைக்க வேண்டும். சூடு குறைந்தால் வளையாது, கூடினால் கருகும். வளைந்த பட்டைகளை ஓர் அச்சின்மேல் விளிம்போடு விளிம்பு பொருத்தி, காய்ச்சிய வச்சிரம் ஆறுவதற்குள் ஒட்ட வேண்டும். விளிம்பில் ஒரு மயிரிழை இடைவெளி நின்றாலும் குடம் பின்னாளில் வாய் பிளக்கும். இந்த வேலையில் கை பழகியவர் பிருடைக்கான பல்சக்கரம் செய்ய மாட்டார். பல்சக்கரம் செய்பவர் முத்துச்சிப்பி அறுக்க மாட்டார். ஃபோக்ட்லாந்திலும் எல்லைக்கு அந்தப்புறம் ஷோன்பாக் ஊரிலும் ஒரு வீட்டில் தண்டி செதுக்கினார்கள், இன்னொரு வீட்டில் குதிரை அறுத்தார்கள், வேறொரு வீட்டில் நரம்பு முறுக்கினார்கள், கடைசியில் ஒருவர் வார்னிஷ் பூசினார். ஷோன்பாக்கில் பாதி முடிந்த கருவிகள் எல்லை தாண்டி மார்க்நொய்கிர்ஷனில் முழுமை பெற்று, அங்கிருந்து கடல் தாண்டின. 1861இல் சாக்சனி சட்டம் போட்டுக் கைத்தொழில் சங்கங்களின் சலுகைகளை ஒழித்தது. தொழில் அழிந்துவிடும் என்ற பயத்துக்கு மாறாக, அதன் உச்சம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தச் சிற்றூரின் ஏற்றுமதிக் கணக்கைக் கவனிப்பதற்கென்றே அமெரிக்க அரசு 1893முதல் 1916வரை அங்கே ஒரு தூதரக அலுவலகம் வைத்திருந்தது.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வளம் கருவி செய்தவர்களின் வீட்டுக்குப் போகவில்லை. வீடு வீடாகப் பாகங்களை வாங்கி ஏற்றுமதி செய்த வணிகர்கள்தான் மாளிகை கட்டினார்கள். துண்டுக் கணக்கில் கூலி வாங்கிய குடும்பங்கள் மனைவி மக்களோடு இரவும் வேலை செய்தன. அப்படியானால் சிறு பட்டறைகளின் கூட்டம் என்று பெருமை பேசுவது சுரண்டலை அழகுபடுத்துவது ஆகாதா, ஒழுங்கான சம்பளம் தரும் தொழிற்சாலை மேல் இல்லையா என்ற கேள்வி நியாயமானது. கூலி விஷயத்தில் நான் மறுக்கவில்லை. அந்த வணிக முறை கொடுமையானது. ஆனால் கூலியை அமுக்கியது வணிகரின் கையில் இருந்த சந்தை. பட்டறைகளின் சிறுமையை அதற்குக் குற்றம் சொல்ல முடியாது. தொழிற்சாலை வழியையும் அந்த ஊர் பரிசோதித்துப் பார்த்தது. கிழக்கு ஜெர்மனி அரசு 1953இல் மூசிமா என்ற பெரும் கிதார் தொழிற்சாலையை மார்க்நொய்கிர்ஷனில் தொடங்கியது. ஐம்பது ஆண்டுகளில் அது திவாலாகி மறைந்தது. அதே ஊரில் ரிச்சர்ட் ஜேக்கப் என்பவர் வைஸ்கெர்பர் என்ற பெயரில் தன் சிறு பட்டறையில் 1960இல் இறக்கும்வரை கிதார் செய்தார். புதுப்புது வடிவங்களைச் சலிக்காமல் முயன்று பார்த்தவர் அவர். அவருக்குப் பிறகு மகன் தொடர்ந்தார். இன்றும் கலைஞர்கள் தேடி வாங்கும் கிதார்கள் அவை.

மூன்றாவது இடப்பெயர்வுதான் என் வாதத்துக்கு மிகக் கடுமையான சோதனை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாகியா தன் ஜெர்மன் குடிமக்களை வெளியேற்றியது. ஷோன்பாக்கின் கருவித் தொழிலாளர்கள் கையில் எடுத்துச் செல்லக்கூடிய மூட்டைகளோடு எல்லை கடந்தார்கள். அச்சும் இழைப்புளியும் உலர வைத்திருந்த மரமும் பின்னால் தங்கிவிட்டன. பவேரியாவின் எர்லாங்கன் நகருக்குப் பக்கத்தில், சில நூறு பேர் மட்டும் வாழ்ந்த பூபன்ராய்ட் என்ற விவசாயக் கிராமம் 1949இல் அவர்களுக்கு இடம் கொடுக்கத் தீர்மானித்தது. உள்ளூர்க்காரர்களைவிடப் பல மடங்கு வந்தவர்கள் அங்கே குடியேறினார்கள். தனித்தனியாக ஜெர்மனி முழுவதும் சிதறவிடாமல் ஒரே இடத்தில் அவர்களைக் குடியமர்த்தியதுதான் அங்கே நடந்த முக்கியமான காரியம். தண்டி செதுக்குபவரும் குதிரை அறுப்பவரும் மறுபடி ஒரே தெருவில் இருந்தார்கள். சில ஆண்டுகளில் தொழில் மீண்டது. 1887இல் ஷோன்பாக்கில் தொடங்கிய ஹோஃப்னர் நிறுவனம் அங்கேதான் மறுவாழ்வு பெற்றது. அது 1950களின் நடுவில் வடிவமைத்த வயலின் வடிவ பேஸ் கிதார் ஒன்றை 1961இல் ஹாம்பர்க்கில் பால் மெக்கார்ட்னி வாங்கினார். பீட்டில்ஸ் பாடல்களில் நாம் கேட்கும் அந்த ஆழமான ஒலிக்குப் பின்னால் ஷோன்பாக் அகதிகளின் கைகள் இருக்கின்றன. ஷோன்பாக்கைச் சேர்ந்த ஃபிரெட் வில்ஃபர் 1946இல் தொடங்கிய ஃபிரேமஸ் நிறுவனமும் இப்படியே வளர்ந்தது.

ஆனால் ஷோன்பாக் வெறுமையாகிவிடவில்லையே, லூபி என்று பெயர் மாறிய பிறகும் அங்கே கிதார் செய்தார்கள்தானே என்று கேட்டால், அதுவும் சரி. வெளியேற்றத்தின்போது சில தொழில் வல்லுநர்களைப் போகவிடாமல் நிறுத்திக்கொள்வது செக்கோஸ்லோவாக்கிய அரசின் வழக்கமாக இருந்தது. கற்றுத்தர ஆள் வேண்டும் என்று அரசுக்கே தெரிந்திருந்தது. கட்டடமும் காடும் போதும் என்று அது நம்பியிருந்தால் எல்லோரையும் அனுப்பியிருக்கும். பூபன்ராய்ட்டின் வெற்றியும் என்றென்றைக்குமானதாக இல்லை. ஜப்பானின் மலிவான கிதார்கள் சந்தையைப் பிடித்ததும் ஃபிரேமஸ் 1970களில் திவாலானது. அதன் நிறுவனர் மகன் ஹான்ஸ் பீட்டர் வில்ஃபர் பிற்பாடு அந்தப் பெயரை மீட்டெடுத்து, 1995இல் தன் நிறுவனத்தையே மார்க்நொய்கிர்ஷனுக்குக் கொண்டுபோனார். ஜெர்மனி ஒன்றான பிறகும் பட்டறைகளின் சங்கிலி எங்கே அறுபடாமல் மிஞ்சியிருந்தது என்பதை ஒரு வியாபாரியின் கணக்கு சரியாகவே கண்டுகொண்டது.

இப்போது அந்தத் தொழிலுக்குப் பல மரியாதைகள் கிடைத்திருக்கின்றன. ஃபோக்ட்லாந்தின் இசைக்கருவித் தொழிலை ஜெர்மனி தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 1883முதல் அருங்காட்சியகமும் இருக்கிறது. இவற்றை நான் குறைத்துப் பேசவில்லை, ஆனால் 1677ஆம் ஆண்டுச் சாசனமும் ஒரு மரியாதைதான், அது மார்ட்டினை ஊரில் நிறுத்தவில்லை. உண்மையில் பயன் தரும் காரியமாக எனக்குத் தெரிவது வேறொன்று. பழைய வணிகர் ஒருவரின் மாளிகையான வில்லா மெர்ஸில் இன்று கிதார், வயலின் செய்வதைப் பட்டப்படிப்பாகக் கற்றுத்தருகிறார்கள். அங்கே பயின்று வெளியே வரும் இளைஞருக்குப் பிருடை செய்துதரவும் சிப்பி அறுத்துத்தரவும் நரம்பு முறுக்கித்தரவும் நடந்து போகும் தூரத்தில் ஆள் இருக்க வேண்டும். கிதார் செய்பவருக்கு விருது கொடுக்கும் அரசுகள், அவருக்குப் பாகம் செய்துகொடுக்கும் பெயர் தெரியாத பட்டறைக்கு முதலில் கடனும் வாடகைச் சலுகையும் பயிற்சியாளர் ஊதியமும் கொடுக்கட்டும்.