வீட்டுத்துறை அளவீடுகளும் கணனிவழிப் பகுப்பாய்வும்: இலங்கை அநுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டு மக்களின் வாழ்க்கை நிலையை அறிய விழைவோர், அந்நாட்டின் மொத்த உற்பத்தியை மட்டும் நோக்கி அமைதல் இயலாது. அவ்வுற்பத்தி எவ்வெவ் வீடுகளை எவ்வளவில் சென்றடைகின்றது என்பதே முதன்மையான வினாவாகும். இவ்வினாவுக்கு விடைகாணும் பொருட்டு எழுந்தவையே வீட்டுத்துறை அளவீடுகள். இவ்வளவீடுகளின் தரவுகளைத் தாமாகவே பகுத்து அட்டவணைகளாக்கித் தரும் மென்பொருள்கள் அண்மைக் காலத்தில் தோன்றியுள்ளன. அவை எதனைச் செய்தன, எதனைச் செய்ய இயலாதன என்பதை இலங்கையின் அநுபவத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவீடுகளின் தோற்றம்

கொழும்பு நகரத் தொழிலாளர் குடும்பங்களிடையே 1949/50இல் ஒரு குடும்பச் செலவு ஆய்வு நடத்தப்பெற்றது. 1952ஆம் ஆண்டை அடியாண்டாகக் கொண்ட கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணுக்குரிய நிறைகள் இவ்வாய்விலிருந்தே பெறப்பட்டன. அரிசிக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவு, வாடகைக்கு இவ்வளவு என அன்று வகுக்கப்பட்ட விகிதங்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக மாற்றமின்றி வழங்கின. தொழிலாளர் பலரின் வாழ்க்கைச் செலவுப்படி இச்சுட்டெண்ணைத் தழுவியே கணிக்கப்பட்டதென்பதை நினைவிற்கொள்வோமாயின், ஓர் அளவீட்டின் பயன் அறிக்கையுடன் முடிவதில்லை என்பது புலனாகும்.

இதனையடுத்து மத்திய வங்கி 1953இல் தனது முதலாவது நுகர்வோர் நிதி அளவீட்டை நடத்திற்று. அண்டை நாடான இந்தியாவில் மகலனோபிசின் முயற்சியால் தேசிய மாதிரி அளவீடு 1950இல் தொடங்கப்பெற்றிருந்தது. மத்திய வங்கியின் அளவீடு 1963, 1973, 1978/79, 1981/82 ஆகிய ஆண்டுகளிலும் பின்னரும் தொடர்ந்தது. வருமானப் பகிர்வின் சமனின்மையைக் குறிக்கும் கினிக் குணகம், செலவழிக்கும் அலகுகளின் அடிப்படையில் 1953இல் 0.46, 1963இல் 0.45, 1973இல் 0.35, 1981/82இல் 0.45 எனக் காணப்பட்டது. 1973இல் நிகழ்ந்த வீழ்ச்சி மெய்யானதா, அன்றி உயர் வருமானத்தார் தம் வருமானத்தைக் குறைத்துக் கூறியதன் விளைவா என ஐயுற்றோரும் உளர். இவ்வையத்தை எத்துணை விரைவான கணிப்பாலும் தீர்த்தல் இயலாது. அது வினவப்பட்ட வீட்டு வாயிலிலேயே தோன்றிய ஐயமாகும்.

தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களம் நடத்தும் வீட்டலகு வருமான செலவு அளவீடு 1990/91 முதல் இத்துறையில் முதன்மை பெற்றது. ஓராண்டு முழுவதும் மாதந்தோறும் பிரித்து நடத்தப்படும் இவ்வளவீட்டில், ஒரு வாரத்தில் உண்ட பொருள்கள் ஒவ்வொன்றும் அளவோடும் பெறுமதியோடும் பதியப்படும். 2012/13ஆம் ஆண்டு அளவீட்டின் மாதிரி 25,000 வீட்டலகுகளைக் கொண்டதாகும்.

கணிப்பின் தானியக்கம்

இத்துணைப் பெருந்தொகையான பதிவுகளைக் கையாற் கூட்டிக் கழித்தல் ஆகாத செயல். துளையிட்ட அட்டைகளும், பின்னர் சமூகவியல் ஆய்வாளருக்கென 1968இல் எழுந்த எஸ்.பி.எஸ்.எஸ்., 1985இல் வெளியான ஸ்டேட்டா முதலிய மென்பொருள்களும் இச்சுமையைப் படிப்படியாகக் குறைத்தன. எனினும் ஒவ்வோர் அட்டவணைக்கும் கட்டளைகளைத் தனித்தனி எழுதவேண்டியிருந்தது. அவ்வாறு எழுதும் பயிற்சி சிலரிடமே இருந்தமையால், தரவினைச் சேகரித்த நாடுகள் தம் தரவின் பொருளை அறிய வெளிநாட்டு அறிஞரை எதிர்பார்த்திருக்கும் நிலையும் ஏற்பட்டது.

இக்குறையை நீக்கும் நோக்குடன் உலக வங்கியின் ஆய்வுப் பிரிவைச் சார்ந்த மைக்கேல் லொக்சின், சுராப் சஜாயா முதலியோர் உருவாக்கியதே அடெப்ட் என்னும் மென்பொருளாகும். பயன்படுத்துவோர் தரவுக் கோப்பினைத் திறந்து, வீட்டின் ஆட்டொகை, செலவு, நிறை, பிரதேசம் ஆகியன எந்நிரல்களில் உள்ளன என்று சுட்டினாற் போதும். வறுமை, சமனின்மை, தொழில், கல்வி என்பன பற்றிய அட்டவணைகள் சில நிமிடங்களில் ஆயத்தமாகிவிடும்.

அதன் வறுமை அட்டவணைகளுக்கு அடிப்படையாயமைந்தவை பொஸ்டர், கிறியர், தோர்பெக் ஆகிய மூவரும் 1984இல் வெளியிட்ட அளவைகளாகும். இவற்றை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 2019இல் இலங்கையின் வறுமைக் கோடு ஒருவருக்கு மாதம் 6,966 ரூபாய். ஒருவர் 6,800 ரூபாவும் மற்றொருவர் 3,000 ரூபாவும் செலவிடுவதாகக் கொள்வோம். தலைக்கணிப்பு இருவரையும் வறியோர் என ஒன்றாகவே எண்ணும். இரண்டாவது அளவையோ கோட்டிலிருந்து விலகிய தூரத்தை நோக்கும்: முன்னவருக்கு அது ஏறத்தாழ 2 சதவீதம், பின்னவருக்கு 57 சதவீதம். மூன்றாவது அளவை அத்தூரத்தை வர்க்கித்துக் கடும் வறியோருக்கு மேலும் அழுத்தம் தரும்.

கோடும் எல்லையும்

இனி நாம் ஆராயவேண்டியது கணிப்புக்கு முந்திய முடிவுகளையே. முதலாவது, கோட்டினை எங்கு இடுவது என்பதாகும். இலங்கையின் உத்தியோகபூர்வ வறுமைக் கோடு 2004இல் வகுக்கப்பட்டது. அது 2002ஆம் ஆண்டு விலைகளில் ஒருவருக்கு மாதம் 1,423 ரூபாவாகும். அக்கோட்டின்படி 2002இல் 22.7 சதவீதமாயிருந்த வறியோர் தொகை 2016இல் 4.1 சதவீதமாகக் குறைந்தது. பின்னர் 2012/13ஆம் ஆண்டின் நுகர்வைத் தழுவிப் புதிய கோடு வகுக்கப்பட்டபொழுது, 2019இல் வறியோர் 14.3 சதவீதம் எனவும், பெருந்தோட்டத் துறையில் 33.8 சதவீதம் எனவும் தெரியவந்தது. மூன்றாண்டுகளில் வறுமை மும்மடங்காயிற்று என்பது இதன் பொருளன்று. அளவுகோல் மாறிற்று என்பதே பொருள்.

இரண்டாவது, எவர் எண்ணப்பட்டனர் என்பதாகும். 1990/91, 1995/96, 2002 ஆகிய ஆண்டுகளின் அளவீடுகள் போர்ச் சூழல் காரணமாக வடக்கு, கிழக்கு மாகாணங்களை உள்ளடக்கவில்லை. 2006/07இல் வட மாகாணமும் திருகோணமலையும், 2009/10இல் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகியனவும் விடுபட்டன. ஆகவே, 2002ஆம் ஆண்டு அளவீட்டின் நுகர்விலிருந்து பெறப்பட்ட முதலாவது கோடு, வடகிழக்கு மக்கள் எதை உண்டனர் என்பதை அறியாமலே வகுக்கப்பட்டதாகும். இருபத்தைந்து மாவட்டங்களும் 2012/13இல் இடம்பெற்றபொழுது, நாடளாவிய வறுமை 6.7 சதவீதமாயிருக்க முல்லைத்தீவில் அது 28.8 சதவீதமாகக் காணப்பட்டது. தரவில் இல்லாத வீட்டை மென்பொருள் தேடுவதில்லை. முன்னைய அட்டவணைகளிலும் அது இலங்கை என்ற தலைப்பைத் தயக்கமின்றி இட்டிருக்கும்.

மூன்றாவது, எப்பரப்புக்குச் சராசரி காண்பது என்பதாகும். 2016இல் கொழும்பு மாவட்டத்தின் வறுமை 0.9 சதவீதம் மட்டுமே. கறுவாத்தோட்டத்து மாளிகைகளும், வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளும், களனி கங்கைக்கு அண்மையிலுள்ள ஒருகொடவத்தைக் குடியிருப்புகளும் இச்சராசரியில் ஒன்றாய்க் கரைந்துவிடுகின்றன. மாவட்ட மட்டத்துக்கென வகுக்கப்பட்ட மாதிரியில் ஒருகொடவத்தை போன்ற ஒரு சிறு பிரிவிலிருந்து சில வீடுகள் வரலாம். ஒன்றேனும் வாராமலும் போகலாம். 2017 ஏப்ரல் 14ஆம் நாள், அதற்கு அண்மையிலுள்ள மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபொழுது, ஒரு சதவீதத்துக்கும் குறைந்த எண்ணொன்றின் பின்னே எத்தகைய வாழ்வு மறைந்திருந்தது என்பதை நாடு கண்டது. குப்பைமேட்டின் அடிவாரத்தில் வாழ்ந்தவர் மாதச் செலவில் கோட்டுக்கு மேலே நின்றிருக்கலாம். வாழ்விடத்தின் இடர் அச்செலவுக் கணக்கில் தோன்றாது.

இக்குறையைக் களைய முயற்சிகள் நடைபெறாமலில்லை. தொகைமதிப்புத் தரவையும் அளவீட்டுத் தரவையும் இணைத்துப் பிரதேச செயலகப் பிரிவுவாரியாக வறுமையை மதிப்பிடும் வறுமைப் படம் 2005இலும், மீண்டும் 2015இலும் வெளியாயிற்று. முன்னதிலும் வடகிழக்கு இடம்பெறவில்லை. 2001ஆம் ஆண்டுத் தொகைமதிப்பு 18 மாவட்டங்களிலேயே முழுமையாக நடைபெற்றிருந்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், தானியங்கு மென்பொருள் வீட்டுத்துறை ஆய்வின் இறுதிப் படியையே எளிதாக்கிற்று என்பது தெளிவாகும். அதன் சிறப்பைக் குறைத்து மதிப்பிடல் தகாது. ஒரு காலத்தில் சில நிறுவனங்களுக்குள் அடங்கியிருந்த கணிப்பு, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பயிலும் மாணவர் ஒருவரும் செய்துபார்க்கத்தக்கதாயிற்று. வெளியிடப்பட்ட எண்ணைச் சரிபார்க்கும் ஆற்றல் மக்கள் பக்கம் வருவது நன்றே. ஆயின் எண்ணப்படாத மாவட்டம், இடம் மாறிய கோடு, சராசரியில் மறைந்த குடியிருப்பு ஆகிய மூன்றும் அட்டவணையில் தோன்றுவதில்லை. நிவாரணம் எவருக்கு என்னும் வினா எழும்போதெல்லாம் இவ்வட்டவணைகளே சான்றாக முன்வைக்கப்படுகின்றமையால், இம்மறைவு வெறும் ஆய்வுக் குறைபாடாக நின்றுவிடுவதில்லை. எனவே எம் மாணவர்கள் அறிக்கையின் அட்டவணைகளுக்குச் செல்லுமுன், அளவீடு எப்பகுதிகளை உள்ளடக்கிற்று என்று கூறும் முதற் பக்கங்களைப் படித்தல் வேண்டும். அங்கு விடுபட்ட ஊரின் பெயரைக் கண்டறிந்து கூறுவது இன்றும் ஆய்வாளனின் கடமையாகவே உள்ளது.