அக்கூஸ்டிக் கிட்டாருக்கு வயர்லெஸ்: சின்னக்கானல் மலைமேடைகளை முன்வைத்து

அக்கூஸ்டிக் கிட்டாரின் ஒலியைக் கேபிள் இல்லாமல் ரேடியோ அலை வழியே மிக்ஸருக்கோ ஆம்ப்ளிஃபயருக்கோ கொண்டுசேர்க்கும் கருவி கிட்டார் வயர்லெஸ். கிட்டாரின் ஜாக்கில் செருகுவது ட்ரான்ஸ்மிட்டர். மறுமுனையில் இருப்பது ரிசீவர். மின்கிட்டாருக்காக உருவான இந்த ஏற்பாடு அக்கூஸ்டிக்குக்கு வரும்போது சில தனிச் சிக்கல்களையும் கூட்டிக்கொண்டு வருகிறது. சத்தம் அறுந்தால் எல்லோரும் சிக்னலைத்தான் திட்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் காற்றில் இருக்காது, ஜாக்குக்குள் இருக்கும்.

இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானல், மூணாறிலிருந்து பூப்பாறை, போடிமெட்டு வழியாகப் போடிக்கு இறங்கும் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலைத் தடத்தில் உள்ள தேயிலை ஊர். தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை செய்துவரும் தமிழர்கள் இங்கே ஏராளம். மேடைப்பாட்டும் இந்த மலைகளுக்குப் புதிதல்ல. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாட வந்தவர் பாவலர் வரதராசன். மலைக்குக் கீழே தேனிப் பக்கத்துப் பண்ணைப்புரத்துக்காரர், இளையராஜாவின் அண்ணன். இன்று இத்தகைய மலையூர்களில் கிட்டார் ஒலிக்கும் இடங்கள் எஸ்டேட் தேவாலயம், கிறிஸ்துமஸ் கேரல், சுற்றுலா விடுதிகளின் மாலைக் கச்சேரி.

வயர்லெஸ் கிட்டார் பரவியதற்கு ஆட்டமும் ஓட்டமும் மட்டும் காரணமல்ல, கரண்டும் ஒரு காரணம். அமெரிக்காவின் கென் ஷாஃபர் 1970களின் நடுவில் நம்பகமான ஒரு வயர்லெஸ்ஸை வடிவமைத்திருந்தார். 1976 டிசம்பரில் ஃபுளோரிடாவின் லேக்லாந்து மேடையில் கிஸ் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் ஏஸ் ஃபிரேலிக்குக் கடுமையாக ஷாக் அடித்தது. அதன்பின் அந்தக் குழு ஷாஃபரின் கருவிக்கு மாறியது. ஈரத்தரை, ஜெனரேட்டர், எர்த் சரியில்லாத தற்காலிக ஒயரிங் என எல்லாம் ஒன்றுகூடும் மலைமேடைகளில் இந்தப் பாதுகாப்பை லேசாக எண்ணக்கூடாது. மின்கிட்டாரைப் போல அக்கூஸ்டிக்கின் தந்திகள் வழக்கமாக எர்த்தோடு இணைந்திருப்பதில்லை என்பதால் ஆபத்து குறைவு, இல்லாமல் போய்விடவில்லை. ஜாக்கின் உலோகத்தில் கை பட்டிருக்க, உதடு மைக்கைத் தொட்டால் போதும், ஷாக் அடிக்கலாம். கேபிள் இல்லையென்றால் கிட்டார் வழியே அந்த மின்சுற்று முழுமையடையாது.

இனி ஜாக். அக்கூஸ்டிக் கிட்டாரில் பெரும்பாலும் தந்திகள் அமரும் சாடிலுக்கு அடியில், அதிர்வை மின்சிக்னலாக்கும் பீசோ பிக்கப் இருக்கும். அதன் மின்மறிப்பு மிக அதிகம்; அதற்கேற்ப பத்து லட்சம் ஓம் அல்லது அதற்கும் மேலான உள்ளீடு தேவை. அதனால்தான் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் பிரீஆம்பைக் கிட்டாருக்குள்ளேயே வைக்கிறார்கள். பிரீஆம்ப் இல்லாத பீசோவை, உள்ளீட்டு மறிப்பு போதாத ட்ரான்ஸ்மிட்டரில் நேராகச் செருகினால் தாழ்ந்த சுருதிகள் மெலிந்து தகரச் சத்தம் வரும். பிரீஆம்ப் உள்ள கிட்டாரில் வேறு தொல்லை: பேட்டரிக்கான ஸ்விட்ச் ஜாக்கிலேயே இருக்கிறது. மோனோ பிளக் நுழைந்ததும் ஜாக்கின் இரண்டு முனைகள் இணைந்து பிரீஆம்ப் உயிர்பெறும். ஞாயிறு ஆராதனை முடிந்து ட்ரான்ஸ்மிட்டரைப் பிடுங்காமல் பெட்டியில் வைத்தால், ட்ரான்ஸ்மிட்டர் அணைந்திருந்தாலும் பிரீஆம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த ஞாயிறு பேட்டரி காலி. பழி வயர்லெஸ்ஸின் மேல் விழும்.

ட்ரான்ஸ்மிட்டர் உட்காரும் இடமும் கவனிக்கத்தக்கது. பக்கவாட்டில் குழிந்த தகட்டுக்குள் ஜாக் இருந்தால் தடித்த தலையுள்ள கருவி முழுதாக இறங்காது. பாதி இறங்கிய பிளக் கரகரக்கும். பட்டை மாட்டும் பொத்தானே ஜாக்காக இருந்தால் கருவி கிட்டாரின் அடியில் துருத்தி நிற்கும். மறந்துபோய்க் கிட்டாரைத் தரையில் ஊன்றினால் முதலில் உடைவது அதுதான். சில கிட்டார்களில் டிஜிட்டல் ட்ரான்ஸ்மிட்டர் பிரீஆம்புக்கு மிக அருகில் இருப்பதாலேயே மெல்லிய கீச்சொலி கலக்கும். மூன்றுக்கும் மருந்து ஒன்றே: வளைந்த தலையுள்ள குட்டைக் கேபிள் ஒன்றைப் போட்டு ட்ரான்ஸ்மிட்டரைப் பட்டையிலோ இடுப்பிலோ மாட்டுவது. மின்கிட்டாருக்கான சில கருவிகள் நீண்ட கேபிளின் மங்கலைப் போலச் செய்து காட்டும். பிரீஆம்ப் உள்ள அக்கூஸ்டிக்குக்கு அது வேண்டாத அலங்காரம். பாஸ் நிறுவனத்தின் டபிள்யூஎல்-20எல் அந்த வசதியை நீக்கியே வந்தது.

இப்போது கிடைக்கும் சிறிய டிஜிட்டல் கருவிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. இந்தியாவில் 2005 முதல் குறைந்த திறன் கருவிகளுக்கு இந்த அலைவரிசையில் உரிமம் வேண்டாம். கருவிக்கு வகை ஒப்புதல் இருந்தால் போதும். இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் கூட்டமும் இருக்கும். விடுதியின் வைஃபை, ப்ளூடூத், சமையலறை மைக்ரோவேவ் எல்லாம் அங்கேதான். ரிசீவரை ரவுட்டர் பக்கத்தில் வைக்காமலிருப்பதே பாதி வேலை. பழைய யுஎச்எஃப் கருவி வாங்குவோர் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை ஒதுக்குவது நல்லது. 2022 ஏலத்தில் ஜியோ அதை நாடு முழுவதற்கும் எடுத்த பிறகு அது கைப்பேசிக் கோபுரங்களின் இடம்.

மூடுபனி சிக்னலைக் குடித்துவிடும் என்பார்கள். மேடைத் தொலைவில், 2.4 கிகாஹெர்ட்ஸில், பனியால் ஆகும் இழப்பு பொருட்படுத்தத் தக்கதல்ல. உண்மையில் உறிஞ்சுவது மனித உடல். கூட்டம் எழுந்து நின்றதும் சிக்னல் அறுபடுவது அதனால்தான். ரிசீவர் தலைக்கு மேலான உயரத்தில், கிட்டாரின் நேர்பார்வையில் இருக்கவேண்டும். சின்னக்கானலில் ரேடியோ சிக்னல் என்றதும் பலருக்கு நினைவு வருவது கிட்டார் அல்ல, 2023 ஏப்ரல் 29 அன்று இங்கே பிடிபட்ட காட்டுயானை அரிக்கொம்பனின் ரேடியோ கழுத்துப்பட்டை. பெரியாறு காட்டில் விட்ட பிறகு அதன் சிக்னலும் இடையிடையே கிடைக்காமல் போனது. செயற்கைக்கோளோடு பேசும் கருவிக்கே இந்த நிலை.

தாமதம் குறித்த அச்சமும் மிகையானது. 2 முதல் 6 மில்லிநொடி தாமதம் என்பது ஸ்பீக்கரிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். ஃபீட்பேக் அப்படியல்ல. அக்கூஸ்டிக்கின் வயிறு 100, 200 ஹெர்ட்ஸ் பக்கம் தானே அதிரும் இயல்புடையது; கேபிள் இல்லாத துணிச்சலில் ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்தால் உடனே ஊளையிடும். ஒலித்துளைக்கு ரப்பர் மூடி, பிரீஆம்பில் ஃபேஸ் பொத்தான், மிக்ஸரில் அந்த அலைவெண்ணைக் குறைப்பது ஆகியவை கைகொடுக்கும்.

தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்கள்தோறும் நடந்து பாடும் கேரல் குழுவுக்கும், மேசைகளுக்கிடையே உலவும் விடுதிக் கலைஞருக்கும் வயர்லெஸ் பொருத்தம். பேட்டரி ஸ்பீக்கரைத் தூக்கி வருபவர் கிட்டார்க்காரரோடு ஒட்டி நடக்கவேண்டியதில்லை. டிசம்பர் இரவுக் குளிரில் லித்தியம் பேட்டரி சொன்ன நேரம் தாங்காது என்பதால் ட்ரான்ஸ்மிட்டரை முழுச் சார்ஜோடு கொண்டுபோக வேண்டும். தேவாலயத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு நல்ல ஐந்து மீட்டர் கேபிளும், சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றும் ஒரு டி.ஐ. பாக்ஸும் போதும், மிச்சப் பணத்தில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.