பெர்லினுக்குப் போன தும்பை

2000இல் டைடல் பார்க் வந்த பிறகு தரமணியில் மண் தெரியும் இடம் குறைந்துகொண்டே வருகிறது. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து வெயில் திரும்பினால், கட்டாமல் கிடக்கும் மனைகளில் தும்பை வந்துவிடும். பக்கத்து மொட்டை மாடியில் யாராவது, நர்சரியில் வாங்கிய வெள்ளை சால்வியாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். இரண்டும் துளசி, புதினாவின் குடும்பமே.

தும்பைத் தண்டை விரலிடையே உருட்டினால் நான்கு பட்டை தட்டும். கணுவைச் சுற்றிப் பச்சைக் குஞ்சம். அதிலிருந்து நீளும் வெள்ளைப் பூவுக்கு மேலுதடு குட்டை, ரோமம் அடர்ந்தது. கீழுதடு அகலம், தேனீ உட்காரத் தோதானது. பூவைக் கிள்ளி அடியைச் சப்பினால் நாக்கில் துளி இனிப்பு. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நேருக்கு நேர் நின்று பொருதும் போருக்குத் தொல்காப்பியம் இந்தப் பூவின் பெயரையே வைத்து, நெய்தல் என்ற அகத்திணைக்குப் புறத்திணையாக நிறுத்தியது. சைவ மரபில் சிவனுக்கு உகந்த பூவும் இதுதான்.

பிறகு நடந்தது இன்னும் சுவாரசியம். 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த ரொட்லர் பாதிரியாரும் அவரது சகாக்களும் சோழநாட்டுச் செடிகளைக் காயவைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அவற்றில் பல பெர்லின் தாவரவியல் அறிஞர் வில்டெனோவின் கைக்குப் போயின. 1809இல் வில்டெனோ வெளியிட்ட பெர்லின் அரச தோட்டத்துச் செடிப் பட்டியலில் தும்பையும் இருக்கிறது. 1822இல் லிங்க் என்ற தாவரவியல் அறிஞர் அதன் அறிவியல் பெயரை இன்றுள்ள 'லூக்காஸ் ஆஸ்பெரா' ஆக்கினார். நாம் களைக்கொத்தியால் சுரண்டி எறிவதை அரசர் தோட்டத்துப் பட்டியலில் ஏற்றியிருக்கிறார்கள்! ரொட்லரோ பிற்பாடு சென்னை வேப்பேரியில் தங்கித் தமிழ்–ஆங்கில அகராதி தொகுத்து, 1836இல் காலமானார்.

சால்வியா எதிர்த்திசைப் பயணி. டெக்சஸ், மெக்சிகோ பக்கத்து சால்வியா ஃபாரினேசியா அங்கே பல்லாண்டுச் செடி. உதகையின் குளிரில் சால்வியாக்கள் பாத்தி பாத்தியாகப் பூக்கின்றன. சென்னையிலோ பெரும்பாலும் மார்கழி, தை விருந்தாளி. சித்திரை வெயிலும் புழுக்கமும் அதை வாட்டிவிடும். தும்பை ஓராண்டுச் செடிதான். ஆனால் மடியும் முன்பே விதையைக் கொட்டிவிடுவதால் இடத்தை விட்டுப் போவதில்லை.

தும்பை வளர்க்க விரும்புகிறவர்கள் முற்றிக் காய்ந்த குஞ்சங்களைப் பறித்து, புரட்டாசியில் வெயில்படும் இடத்தில் உதிர்த்துவிட்டால் போதும். உரம் வேண்டாம். முளைத்ததும் களையென்று தோட்டக்காரர் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை.